பேரிடர் நிவாரணம்: நிலத்தின் பெயருக்கா, உழுதவருக்கா?

(விவசாயிகள் இயக்க ஊழியர்களுக்கான வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2025 செப்டம்பரில் மகாராஷ்டிராவின் மராத்வாடா பகுதியைப் பெருமழை புரட்டிப் போட்டது. பல பத்தாண்டுகளாக வறட்சிக்கும் தண்ணீர் லாரிகளுக்கும் பெயர்பெற்ற பகுதி அது. பீட், லாத்தூர், தாராசிவ், நாந்தேடு உள்ளிட்ட எட்டு மாவட்டங்கள் கொண்ட அந்தப் பகுதியில், அறுவடைக்குத் தயாராக நின்ற சோயாபீன் தண்ணீரில் அழுகியது. பருத்தியும் துவரையும் சாய்ந்தன. கோதாவரி, மஞ்சரா, சினா ஆறுகளின் கரையோர வயல்களில் பயிருடன் மேல்மண்ணும் அடித்துச் செல்லப்பட்டது. மாநிலம் முழுவதும் அந்தப் பருவத்தில் விதைக்கப்பட்ட சுமார் 1.43 கோடி ஹெக்டேரில் 68 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பாதிக்கப்பட்டதாக மாநில அரசே அறிவித்தது. அக்டோபர் 7 அன்று 31,628 கோடி ரூபாய் நிவாரணத் தொகுப்பு அறிவிக்கப்பட்டது.

தலைப்புச் செய்தியில் 31,628 கோடி என்பது பெரிய தொகையாகவே தெரியும். சாலை, பாலம் உள்ளிட்ட கட்டமைப்புப் பணிகளுக்கான ஒதுக்கீடும் அதற்குள் அடக்கம். எனவே, எந்த நிவாரண அறிவிப்பைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும். ஒருவருக்கு எவ்வளவு? எப்போது? யாருக்கு? முதல் இரண்டு கேள்விகளும் சட்டமன்றங்களிலும் நாடாளுமன்றத்திலும் ஓரளவு பேசப்படுகின்றன. மூன்றாவது கேள்வி அபூர்வமாகவே எழுகிறது. ஆனால் கிராமத்தில் வாழ்வையும் சாவையும் தீர்மானிப்பது அந்த மூன்றாவது கேள்விதான்.

எவ்வளவு?

பயிரிழப்புக்கு ஒன்றிய அரசு தருவதை இழப்பீடு என்று விதிகள் சொல்லவில்லை. ‘இடுபொருள் மானியம்’ என்றே சொல்கின்றன. அடுத்த விதைப்புக்கான கைச்செலவு என்பதே அதன் பொருள். 2022-23 முதல் 2025-26 வரைக்குமாக உள்துறை அமைச்சகம் வகுத்த விதிகளின்படி, பயிரிழப்பு 33 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால் மானாவாரி நிலத்துக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய். பாசன நிலத்துக்கு 17,000 ரூபாய். பல்லாண்டுப் பயிர்களுக்கு 22,500 ரூபாய். ஒரு விவசாயிக்கு அதிகபட்சம் இரண்டு ஹெக்டேர் வரை மட்டுமே. ஏக்கர் கணக்கில் சொன்னால், மானாவாரி விவசாயிக்கு ஏக்கருக்குச் சுமார் 3,440 ரூபாய்.

இந்தத் தொகை எதற்குக் காணும்? அரசின் சொந்தக் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். 2025-26 பருவத்துக்குச் சோயாபீனின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 5,328 ரூபாய். உற்பத்திச் செலவைப் போல ஒன்றரை மடங்கு இது என்று ஒன்றிய அரசு பெருமை பேசுகிறது. அப்படியானால் அரசு ஒப்புக்கொள்ளும் உற்பத்திச் செலவு குவிண்டாலுக்கு 3,552 ரூபாய். ஹெக்டேருக்குப் பத்து குவிண்டால் விளைச்சல் என்று எளிய கணக்குப் போட்டால், மண்ணில் போட்ட செலவு 35,520 ரூபாய். பயிர் முழுவதும் அழுகிப்போனால் கிடைக்கும் மானியம் 8,500 ரூபாய். செலவில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. இந்த உற்பத்திச் செலவிலும் சொந்த நிலத்துக்கான வாடகை மதிப்பு சேர்க்கப்படவில்லை என்பதைத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

2015இல் மானாவாரி நிலத்துக்கான தொகை 4,500 ரூபாயிலிருந்து 6,800 ஆக உயர்ந்தது. அப்போதுதான் இழப்பு வரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 2022இல் 6,800 ரூபாய் 8,500 ஆனது. அதாவது 25 விழுக்காடு உயர்வு. 2015-16இல் நெல்லுக்கு ஆதரவு விலை 1,410 ரூபாய். 2025-26இல் 2,369 ரூபாய். 68 விழுக்காடு உயர்வு. ஆதரவு விலையே செலவை எட்டவில்லை என்று விவசாயிகள் போராடிவரும் நாட்டில், நிவாரணத் தொகை அந்த ஆதரவு விலையின் வேகத்துக்குக்கூட நகரவில்லை.

மாநிலங்கள் இந்த விதிகளைத் தாண்டித் தர விரும்பினால் சொந்த நிதியிலிருந்துதான் தர வேண்டும். மகாராஷ்டிரா அரசு ரபி விதைப்புக்கென ஹெக்டேருக்கு 10,000 ரூபாயைச் சேர்த்து, மானாவாரிக்கு 18,500 ரூபாய் என்றும், மூன்று ஹெக்டேர் வரை என்றும் அறிவித்தது. ஹெக்டேருக்கு 50,000 ரூபாய் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை. அதே மழைக்காலத்தில் பஞ்சாப் மாநிலமும் பெருவெள்ளத்தில் மூழ்கியது. ஏக்கருக்கு 6,800 ரூபாய் என்ற விதியை 50,000 ரூபாயாக உயர்த்த வேண்டும் என அம்மாநில முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மாநில பேரிடர் நிதியில் ஏற்கெனவே பணம் இருக்கிறதே என்பது ஒன்றிய அரசுத் தரப்பின் பதில்களில் ஒன்று. அந்த நிதியில் எவ்வளவு இருந்தாலும், ஏக்கருக்கு 6,800 ரூபாய்க்கு மேல் அதிலிருந்து எடுத்துக் கொடுக்க விதி இடம் தராது என்பதை அந்தப் பதில் மறைத்துவிடுகிறது.

எப்போது?

விவசாயத்தில் காலம் என்பதே பணம். விதைப்புக்கு முன் வராத தொகை, வராத தொகைதான். இதற்குக் கர்நாடகாவின் 2023ஆம் ஆண்டு வறட்சி ஒரு பாடம். அம்மாநிலத்தின் 236 வட்டங்களில் 223 வட்டங்கள் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 48 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பயிர் பாதிப்பு. செப்டம்பர் 22 அன்று மாநில அரசு ஒன்றிய அரசிடம் மனு அளித்தது. அக்டோபர் தொடக்கத்தில் ஒன்றியக் குழு வந்து பார்வையிட்டது. குழு அறிக்கை தந்த ஒரு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று ஒன்றிய அரசின் வறட்சிக் கையேடே கூறுகிறது. முடிவு வரவில்லை. இறுதியில், 2024 மார்ச் மாதத்தில் ஒரு மாநில அரசு தன் விவசாயிகளுக்கான நிவாரணத்துக்காக உச்சநீதிமன்றத்தின் படியேற நேர்ந்தது. ஏப்ரல் இறுதியில், மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருந்த வேளையில், சுமார் 3,454 கோடி ரூபாய் விடுவிக்கப்பட்டது. கர்நாடகா கேட்டதோ 18,171 கோடி.

ஒரு மாநில அரசுக்கே ஏழு மாதம் ஆகிறதென்றால், ஒற்றை விவசாயியின் நிலை என்ன? மராத்வாடாவில் தீபாவளிக்கு முன் பணம் வரும் என்ற வாக்குறுதிக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம் என்பதை அங்குள்ள வாழ்க்கையோடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். பீட் மாவட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆண்டும் தசரா, தீபாவளியை ஒட்டி லட்சக்கணக்கானோர் மேற்கு மகாராஷ்டிராவுக்கும் கர்நாடகாவுக்கும் கரும்பு வெட்டச் செல்கின்றனர். கணவனும் மனைவியும் சேர்ந்த ஓர் இணைக்கு ‘கொய்தா’ என்று பெயர். அரிவாள் என்பது அதன் பொருள். ‘முகாதம்’ எனப்படும் தரகர் கொடுக்கும் முன்பணத்துக்கு ‘உச்சல்’ என்று பெயர். முன்பணத்தை வாங்கிவிட்டால், அது கழியும் வரை வெட்டித்தான் தீர வேண்டும். கணக்கு முடியாவிட்டால் அடுத்த ஆண்டும் அதே தரகரிடம்தான். சிறு நிலம் வைத்திருந்தும் ஆண்டுக்கு ஆறு மாதம் கரும்புத் தோட்டத்தில் கிடப்பவர்கள் இவர்களில் ஏராளம். நிவாரணம் உரிய நேரத்தில் வந்தால், ரபி விதைப்புக்காக ஊரில் தங்க முடியுமா என்றாவது அவர்கள் யோசிக்கலாம். ஒரு மாதம் தள்ளி வந்தால், அதற்குள் கைநாட்டு தரகரின் நோட்டில் ஏறியிருக்கும்.

யாருக்கு?

இனி மூன்றாவது கேள்விக்கு வருவோம். மழை நின்றதும் கிராமத்துக்குத் தலாட்டி எனப்படும் வருவாய் அலுவலரும், கிராம ஊராட்சிச் செயலரும், வேளாண் உதவியாளரும் வருகின்றனர். ‘பஞ்சநாமா’ எனப்படும் இழப்புக் கணக்கெடுப்பு நடக்கிறது. பாதிப்பு வயலில் கணக்கிடப்படுகிறது. ஆனால் பெயர் ‘சாத்-பாரா’ எனப்படும் நில உரிமைப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. பணம் அந்தப் பெயருக்குரிய வங்கிக் கணக்குக்குப் போகிறது.

வயலில் நின்றவர் வேறு, பதிவேட்டில் இருப்பவர் வேறு என்றால்? விதை வாங்கியவர், உரம் போட்டவர், வட்டிக்குக் கடன் வாங்கியவர் குத்தகை விவசாயி. நில உரிமையாளர் லாத்தூரிலோ புணேயிலோ வசிக்கலாம். ‘இடுபொருள் மானியம்’ என்று விதி சொல்கிறது. இடுபொருளில் ஒரு ரூபாய்கூடப் போடாதவரின் கணக்கில் அது சேர்கிறது. ரொக்கக் குத்தகையாக இருந்தால் அநீதி இன்னும் பெரிது. பருவத் தொடக்கத்திலேயே குத்தகைப் பணம் உரிமையாளரின் கைக்குப் போய்விடுகிறது. வெள்ளத்துக்குப் பின் நிவாரணமும் அவருக்கே போகிறது. ஒரே வயலிலிருந்து ஒருவருக்கு இரட்டை வரவு. இன்னொருவருக்கு இரட்டை இழப்பு. மனசாட்சியுள்ள உரிமையாளர் பங்கு தரலாம். ஆனால் மனசாட்சியை நம்பி அரசு நிதியைப் பகிர்ந்தளிப்பது எந்த வகை நிர்வாகம்?

குத்தகை விவசாயி மட்டுமல்ல. மராத்வாடாவில் ‘காய்ரான்’ எனப்படும் மேய்ச்சல் புறம்போக்கு நிலங்களை நிலமற்ற தலித் குடும்பங்கள் தலைமுறைகளாக உழுதுவருகின்றன. நிலமற்றோருக்கு நிலம் கேட்டு 1959இலும் 1964இலும் தாதாசாகேப் கெய்க்வாட் தலைமையில் நடந்த சத்தியாகிரகங்கள் மகாராஷ்டிராவின் நிலப்போராட்ட வரலாற்றில் இடம்பெற்றவை. இன்றும் பட்டா கிடைக்காத காய்ரான் வயலில் பயிர் அழுகினால், பதிவேட்டில் அது அரசு நிலம். அரசு தனக்குத் தானே நிவாரணம் தர முடியாது. எனவே உழுதவருக்கும் இல்லை. வன நிலத்தில் பயிரிடும் பழங்குடி மக்களின் கதையும் இதுதான். 2018 மார்ச்சில் நாசிக்கிலிருந்து மும்பைக்கு விவசாயிகள் நடந்த நெடும்பயணத்தில், வன உரிமைப் பட்டா, கடன் தள்ளுபடி ஆகியவற்றுடன் பயிரிழப்புக்கான நிவாரணமும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. பட்டா இல்லாதவருக்கு நிவாரணம் இல்லை என்பதை அனுபவத்தால் அறிந்தவர்கள் அவர்கள்.

பெண்களின் நிலை என்ன? 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் சாகுபடிக் கைப்பற்றுகளில் சுமார் 14 விழுக்காடு மட்டுமே பெண்களின் பெயரில் உள்ளன. கணவன் தற்கொலை செய்துகொண்டபின் நிலத்தை உழுது குடும்பத்தைக் காக்கும் பெண்ணுக்கு, நிலம் மாமனாரின் பெயரிலேயே இருந்தால் நிவாரணப் பட்டியலில் இடமில்லை. கூட்டுப் பட்டாவாக இருந்தால் மற்றப் பங்குதாரர்களின் சம்மதக் கடிதம் வேண்டும். அந்தச் சம்மதத்துக்கு என்ன விலை என்பதைக் கிராமத்தில் வாழும் தோழர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

வரி வசூலித்த எந்திரத்தின் வாரிசு

நிவாரணம் ஏன் நிலத்தைப் பின்தொடர்கிறது, உழைப்பைப் பின்தொடர்வதில்லை? 1876-78 பெரும்பஞ்சத்துக்குப் பின் 1880இல் பஞ்ச ஆணையம் அறிக்கை தந்தது. அதன் வழியே பஞ்சச் சட்டத் தொகுப்புகள் பிறந்தன. விளைச்சலை ‘அணா’ கணக்கில் மதிப்பிட்டு, அது குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் நிலவரியை ஒத்திவைப்பது அல்லது தள்ளுபடி செய்வது அன்றைய முறை. வரி கட்டுபவர் யாரோ, அவருக்கே தள்ளுபடி. எனவே வரிப் பதிவேடே நிவாரணப் பதிவேடாயிற்று. அணா ‘பைசா’வாக மாறியதே தவிர, மகாராஷ்டிராவில் ‘பைசேவாரி’ முறை விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. நிலவரி அரசு வருவாயில் ஒரு பொருட்டாக இல்லாமல் போய்ப் பல காலம் ஆகிறது. ஆனால் வரி வசூலிக்கக் கட்டப்பட்ட எந்திரத்தின் கண் வழியாகவே அரசு இன்றும் கிராமத்தைப் பார்க்கிறது. அந்தக் கண்ணுக்கு நிலம் தெரியும். உழுபவர் தெரிய மாட்டார்.

இந்தக் கண் இப்போது கணினிக்குள் புகுந்துவிட்டது. 2019இல் தொடங்கிய பிரதமர் கிசான் திட்டம் நிலவுடைமைக் குடும்பங்களுக்கு மட்டுமே. இப்போது ‘அக்ரிஸ்டாக்’ என்ற பெயரில் விவசாயி அடையாள எண் வழங்கப்படுகிறது. அதன் அடித்தளம் நில ஆவணம். மகாராஷ்டிராவில் வேளாண் திட்டங்களின் பயனைப் பெற அந்த எண் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. முன்பு தலாட்டியிடம் வாதாடியாவது பெயரைச் சேர்க்க முயன்ற குத்தகை விவசாயி, இனி கணினித் திரையிடம் யாரை வைத்து வாதாடுவார்?

2007ஆம் ஆண்டின் தேசிய விவசாயிகள் கொள்கை, எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி, குத்தகைதாரர், வாரதாரர், விவசாயத் தொழிலாளர் அனைவரையும் ‘விவசாயி’ என்ற சொல்லுக்குள் சேர்த்தது. சொல்லில் இடம் கிடைத்தது, பட்டியலில் கிடைக்கவில்லை.

கூலித் தொழிலாளியின் இழப்பு

பயிர் அழிந்தால் அறுவடைக் கூலியும் அழிகிறது. இதை விதிகளும் அறியும். வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு, வேலை உறுதித் திட்டக் கூலி விகிதத்தில், வயது வந்த இருவருக்குக் குறிப்பிட்ட நாட்களுக்கு உதவி தர அவற்றில் இடமிருக்கிறது. நிலம் கேட்காத தலைப்பு இது. கர்நாடகா 2023இல் கேட்ட 18,171 கோடியில் 12,577 கோடி இந்தத் தலைப்பில் கேட்கப்பட்டது. பயிரிழப்பு மானியத்துக்குக் கேட்டது 4,663 கோடி. கிடைத்த மொத்தத் தொகை அந்தப் பயிர் மானியத்தின் அளவைக்கூட எட்டவில்லை. அதாவது நிலமற்றோருக்காகக் கேட்ட பெரும்பகுதி, கதவைத் தாண்டவே இல்லை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கையின்படி, விவசாயத் துறையில் தற்கொலை செய்துகொண்டோர் 10,786 பேர். அவர்களில் விவசாயிகள் 4,690 பேர். விவசாயத் தொழிலாளர்கள் 6,096 பேர். மொத்தத்தில் 38 விழுக்காட்டுக்கு மேல் மகாராஷ்டிராவில் நிகழ்ந்தவை. எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்கள் இந்தப் பட்டியலில் மட்டும் முதலிடத்தில் இருக்கின்றனர்.

காப்பீடும் கடனும்

நிவாரணம் குறைவென்றால் காப்பீடு இருக்கிறதே என்று ஆட்சியாளர்கள் சொல்கின்றனர். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு வயலின் இழப்பு பொதுவாகத் தனியே அளக்கப்படுவதில்லை. கிராமம் அல்லது அதற்கு மேற்பட்ட அலகின் சராசரி விளைச்சலே அளவுகோல். உள்ளூர் வெள்ளம் போன்ற இழப்புகளுக்குத் தனி ஏற்பாடு இருந்தது. மகாராஷ்டிரா அரசு 2025இல் ஒரு ரூபாய்க் காப்பீட்டை நிறுத்தியதோடு, அறுவடைச் சோதனையின் அடிப்படையிலான இழப்பீட்டை மட்டும் வைத்துக்கொண்டது. அந்த ஆண்டே பெருவெள்ளம் வந்தது.

கடன் விஷயத்திலும் கதவு மூடப்பட்டுள்ளது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, கடும் பேரிடர்களில் கடன் திருப்பிச் செலுத்துவதில் சலுகை தரப் பரிந்துரைக்கும் அதிகாரத்தைத் தேசிய ஆணையத்துக்கு வழங்கியிருந்தது. வயநாடு நிலச்சரிவில் அனைத்தையும் இழந்தோரின் கடன்களைத் தள்ளுபடி செய்யும் கேள்வி கேரள உயர் நீதிமன்றத்தில் எழுந்தபோது, அந்தப் பிரிவே 2025ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது என்பது ஒன்றிய அரசின் பதிலாக இருந்தது. எஞ்சியிருப்பது வங்கிகளின் கடன் மறுசீரமைப்பு. அதில் தவணைதான் தள்ளிப்போகிறது, வட்டி நிற்பதில்லை. வங்கியில் கடனே கிடைக்காத குத்தகை விவசாயிக்கு அதுவும் பொருந்தாது. அவருடைய கடன் வட்டிக்கடையிலும் உரக்கடையிலும் இருக்கிறது.

வழி இருக்கிறதா?

உழுபவரை அடையாளம் காண்பது கடினம், போலிகள் நுழைவர், எனவே நில ஆவணமே பாதுகாப்பு என்று அதிகாரிகள் சொல்வதுண்டு. இந்த வாதத்துக்கு வரலாறு பதில் தந்திருக்கிறது. மேற்கு வங்கத்தில் 1978இல் இடது முன்னணி அரசு தொடங்கிய ‘ஆபரேஷன் பர்கா’வின் வழியாக 14 லட்சத்துக்கும் மேற்பட்ட வாரதாரர்கள் பதிவு செய்யப்பட்டனர். அதிகாரிகள் வாரதாரர்களின் குடியிருப்புகளுக்கே சென்று கூட்டம் கூட்டினர்; பட்டியல் ஊரறிய வைக்கப்பட்டது; ஆட்சேபம் இருந்தால் ஊர் முன்னிலையிலேயே சொல்ல வேண்டும். தனியாகப் பேச அஞ்சியவர்கள் கூட்டமாகப் பேசினர்.

ஒன்றுபட்ட ஆந்திராவின் 2011ஆம் ஆண்டுச் சட்டம், நில உரிமையில் கைவைக்காமல் குத்தகை விவசாயிக்குச் சாகுபடியாளர் அட்டை தர வழிசெய்தது. 2019இல் ஆந்திரப் பிரதேசம் கொண்டுவந்த புதிய சட்டம் உரிமையாளரின் ஒப்புதலைத் தேவையாக்கியது. அந்த ஒரு கையெழுத்துக்காகவே அட்டை கிடைக்காமல் நிற்பவர்கள் ஏராளம். ஒடிசாவின் 2019ஆம் ஆண்டு ‘காலியா’ திட்டம் நிலமற்ற குடும்பங்களையும் உள்ளடக்கியது. ஆக, முடியாதது எதுவும் கேட்கப்படவில்லை. எங்கே நிலவுடைமையாளரின் கையெழுத்து நிபந்தனையாகிறதோ அங்கே திட்டம் தோற்கிறது. எங்கே ஊரின் சாட்சியம் போதுமானதாகிறதோ அங்கே அது நிற்கிறது.

குத்தகைக்கு எழுத்து இல்லாததற்கு உரிமையாளரின் அச்சமும் ஒரு காரணம். சாகுபடிப் பதிவு நில உரிமைக்கு ஆதாரமாகாது என்று சட்டத்திலேயே எழுதினால், சில ஏக்கரைக் குத்தகைக்கு விட்டுப் பிழைக்கும் சிறு உரிமையாளரின் அச்சம் தீரும். அவரையும் குத்தகை விவசாயியையும் மோதவிடுவது இயக்கத்தின் நோக்கமல்ல.

கோரிக்கைகளும் களப்பணியும்

2022-23 முதலான விதிகள் 2026 மார்ச் 31 வரைக்கும் வகுக்கப்பட்டவை. புதிய விதிகள் எப்படி அமைய வேண்டும் என்பதில் விவசாயிகள் இயக்கத்தின் குரல் தெளிவாக ஒலிக்க வேண்டும். ஒன்று, பயிரிழப்புத் தொகை குத்தகையையும் உள்ளடக்கிய முழு உற்பத்திச் செலவோடு இணைக்கப்பட வேண்டும். ஆண்டுதோறும் உயர வேண்டும். இரண்டு, பருவந்தோறும் கிராம சபையின் முன்னிலையில் சாகுபடியாளர் பதிவேடு. உரிமையாளரின் கையெழுத்து தேவையில்லை. காய்ரான், வன நிலச் சாகுபடியாளர்களும் அதில் இடம்பெற வேண்டும். மூன்று, விவசாயத் தொழிலாளர் குடும்பங்களுக்கான கூலி நிவாரணம் பயிர் நிவாரணத்தோடு சேர்ந்தே அறிவிக்கப்பட வேண்டும். நான்கு, மாநில அரசின் மனுமீது ஒன்றிய அரசு முடிவெடுக்கும் காலக்கெடு, கையேட்டிலிருந்து சட்டத்துக்கு மாற வேண்டும். ஐந்து, 13ஆவது பிரிவு மீட்கப்பட வேண்டும். நிவாரணத் தொகையைக் கடன் பாக்கியில் வரவு வைப்பது தண்டனைக்குரியதாக வேண்டும்.

கோரிக்கை வெல்லும் வரை காத்திருக்க முடியாத வேலை ஒன்றும் உண்டு. பஞ்சநாமா நடக்கும் நாளில் கிளைத் தோழர்கள் வயலில் இருக்க வேண்டும். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எதிரே யார் உழுதார் என்று எழுதிய பட்டியலை முன்கூட்டியே தயாரித்து, கிராம சபையில் வாசித்து, தீர்மானமாக்கி, நகலை வட்டாட்சியரிடம் கொடுத்து ஒப்புகைச் சீட்டுப் பெற வேண்டும். அந்தப் பட்டியலுக்கு இன்று சட்ட மதிப்பு இல்லை. எனினும் அடுத்த வெள்ளத்தின்போது, இங்கே குத்தகை விவசாயிகளே இல்லை என்று எந்த அதிகாரியும் கோப்பில் எழுத முடியாது. பட்டியலில் பெயரில்லாதவர்களின் பட்டியலை எழுதத் தொடங்குவதே முதல் வேலை. அடுத்த பருவ விதைப்புக்கு முன் அதை முடிக்க வேண்டும்.